விளக்கம்: பழைய பொருள்களை இணைய ஏலத்தில் எடுத்து விற்பது லாபமா? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

புது தில்லி: அரசு அலுவலகம் கழித்துவிட்ட சுழல் நாற்காலிகள், தவணை செலுத்தப்படாததால் வங்கி கைப்பற்றிய கார், விபத்தில் சேதமடைந்து காப்பீட்டு நிறுவனத்திடம் வந்துசேர்ந்த வாகனம், மூடப்பட்ட ஆலையின் இயந்திரங்கள் என எல்லாமே இன்று இணையவழி ஏலத்துக்கு வருகின்றன. முன்பு ஏலம் நடக்கும் இடத்துக்கு நேரில் செல்லும் வியாபாரிகளுக்கு மட்டுமே கிட்டிய வாய்ப்பு, இப்போது கைப்பேசியும் வங்கிக் கணக்கும் உள்ள எவருக்கும் திறந்திருக்கிறது. மலிவாக ஏலத்தில் எடுத்து, கூடுதல் விலைக்கு விற்றுப் பிழைக்கலாம் என்ற எண்ணம் சிறு முதலீட்டாளர்களை ஈர்ப்பது இயல்பே.

ஆனால், ஏலத்தில் வெல்வதும் லாபம் ஈட்டுவதும் ஒன்றல்ல. பழைய பொருள் வணிகத்தில் லாபமோ இழப்போ விற்கும் நாளில் அல்ல, வாங்கும் நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. பொருளுக்கு எவ்வளவு கொடுக்கலாம், அது விற்பவருக்கு உரியதுதானா, அதைத் திரும்ப விற்கச் சட்டம் அனுமதிக்கிறதா ஆகிய மூன்று கேள்விகளுக்கும் ஏலம் கேட்கும் முன்பே விடை தெரிந்திருக்க வேண்டும். விடை தெரியாமல் ஏலம் எடுப்பவர் பணத்தை மட்டுமன்றி, சில வேளைகளில் அதைவிடப் பெரியதையும் இழக்க நேரிடும்.

சந்தையிலிருந்து இணையத்துக்கு

பழைய பொருள்களை வாங்கி விற்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. மும்பையின் சோர் பஜார், தில்லி தரியாகஞ்சின் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தை, கொல்கத்தாவின் கல்லூரித் தெரு ஆகியவை இந்த வணிகத்தால் பெயர் பெற்றவை. கொல்கத்தாவின் ரசல் தெருவில் 1940-இல் தொடங்கப்பட்ட 'ரசல் எக்ஸ்சேஞ்ச்' ஏல நிலையம், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு உபயோகப் பொருள்களை ஏலம் விடுவதற்காக அறியப்பட்டது.

இணைய ஏலத்தை உலகெங்கும் பரப்பியது ஈபே. அமெரிக்காவில் 1995-இல் பியர் ஒமிட்யார் 'ஆக்சன்வெப்' என்ற பெயரில் தொடங்கிய அத்தளத்தில் முதலில் விலைபோனது பழுதடைந்த ஒரு லேசர் விளக்குக் கருவி. அதன் விலை 14.83 டாலர். பழுதான பொருளுக்கும் எங்கோ ஒரு வாங்குபவர் இருக்கிறார் என்பதே இணைய ஏலத்தின் அடிப்படை. உள்ளூரில் ஒருவரும் கேட்காத பொருளைத் தேடிக்கொண்டிருப்பவர் வேறோர் ஊரில் இருக்கக்கூடும். அந்த இருவரையும் இணைப்பவருக்குக் கிடைக்கும் கூலியே மறுவிற்பனை லாபம்.

இந்தியாவில் 'பாஸி.காம்' நிறுவனத்தை ஈபே 2004-இல் சுமார் 5 கோடி டாலருக்கு வாங்கியது. பின்னர், 2017-இல் ஈபேயின் இந்திய வணிகம் ஃபிளிப்கார்ட் வசம் சென்றது. 2018 ஆகஸ்டு 14 அன்று அத்தளம் மூடப்பட்டது. ஓஎல்எக்ஸ் போன்ற விளம்பரத் தளங்களில் பொருளுக்கு விலை குறிப்பிடப்பட்டு, பேரம் பேசி விற்கப்படுகிறதேயன்றி ஏலம் விடப்படுவதில்லை.

இதனால் இந்தியாவில் இந்த வணிகம் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தையே பெற்றுள்ளது: வாங்குவது ஏலத்தில், விற்பது விளம்பரத் தளத்திலோ கடையிலோ. நாணயம், அஞ்சல்தலை, ஓவியம் போன்ற சேகரிப்புப் பொருள்களுக்கு மட்டுமே விற்பனையிலும் ஏலம் பரவலாக உள்ளது.

பொருள்கள் எங்கிருந்து வருகின்றன?

அரசுத் துறைகள் மற்றும் பொதுத்துறை நிறுவனங்களின் கழிவுப் பொருள்களை ஏலம் விடுவதில் முன்னணியில் இருப்பது எம்எஸ்டிசி நிறுவனம். மத்திய உருக்கு அமைச்சகத்தின்கீழ் 1964-இல் தொடங்கப்பட்ட இந்தப் பொதுத்துறை நிறுவனத்தின் தலைமையகம் கொல்கத்தாவில் உள்ளது. அரசுக் கொள்முதலுக்காக உருவாக்கப்பட்ட ஜெம் இணையதளத்திலும், துறைகள் தங்களுக்குத் தேவையற்ற பொருள்களை ஏலம் விடும் வசதி செய்யப்பட்டுள்ளது. பொதுத்துறை வங்கிகள் கைப்பற்றிய சொத்துகளுக்காக 2025 ஜனவரியில் மேம்படுத்தப்பட்ட 'பேங்க்நெட்' தளத்தில் வீடு, மனைகளுடன் வாகனங்களும் இயந்திரங்களும் ஏலத்துக்கு வருகின்றன. காப்பீட்டு நிறுவனங்கள் 'முழு இழப்பு' என்று முடிவுசெய்த வாகனங்களைத் தனியார் ஏலத் தளங்கள் விற்பனை செய்கின்றன.

இவ்வகை ஏலங்களில் பங்கேற்க, அடையாளச் சான்றுகளுடன் பதிவுசெய்து, முன்வைப்புத் தொகை செலுத்த வேண்டும். ஏலத்தில் வென்ற பின் குறித்த காலத்துக்குள் முழுத் தொகையையும் கட்டாவிட்டால் அந்த முன்வைப்புத் தொகை பறிமுதல் செய்யப்படும். பணம் கட்டிய பின்னும், குறித்த நாளுக்குள் பொருளை எடுத்துச் செல்லாவிட்டால் தரைவாடகை வசூலிக்கப்படலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, 'உள்ளது உள்ளபடி, உள்ள இடத்திலேயே' என்ற நிபந்தனை. பொருளின் தரம், எடை, இயங்கும் நிலை ஆகிய எதற்கும் விற்பவர் உறுதி அளிப்பதில்லை என்பதே இதன் பொருள். ஏற்று இறக்கும் கூலி, லாரி வாடகை ஆகியவையும் வாங்குபவரின் பொறுப்பு. ஏலத்துக்கு முன் பொருளை நேரில் பார்வையிட நாள் ஒதுக்கப்படுகிறது. புகைப்படத்தை மட்டும் நம்பி அந்த நாளைத் தவறவிடுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

வென்றவரே தோற்பது எப்படி?

ஏலத்தின் இயல்பிலேயே ஒரு பொறி உள்ளது. பொருளியல் அறிஞர்கள் இதை 'வென்றவரின் சாபம்' என்கின்றனர். ஏலக் கோட்பாட்டை மேம்படுத்தியதற்காக 2020-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற பால் மில்குரோம், ராபர்ட் வில்சன் ஆகியோரின் ஆய்வுகளில் இதற்கு முக்கிய இடம் உண்டு.

இதன் அடிப்படை எளிது. ஒரு பழைய காரை 20 பேர் மதிப்பிடுகின்றனர் என்று கொள்வோம். அதன் உண்மையான மதிப்பு எவருக்கும் சரியாகத் தெரியாது. சிலர் குறைத்து மதிப்பிடுவார்கள், சிலர் கூட்டி மதிப்பிடுவார்கள். ஏலத்தில் வெல்பவர் இந்த இருபது பேரில் மிக அதிகமாக மதிப்பிட்டவர். அதாவது, மற்ற பத்தொன்பது பேரும் 'இவ்வளவு பெறாது' என்று விலகிய விலையை அவர் கொடுத்திருக்கிறார். ஏலம் கேட்போர் எண்ணிக்கை கூடக்கூட, வெல்பவர் அளவுக்கு மீறி மதிப்பிட்டவராக இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது.

சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்குபவர் சற்று அதிகமாகக் கொடுத்தாலும் பொருளைப் பயன்படுத்தி அனுபவித்துக்கொள்வார். விற்பதற்காக வாங்குபவருக்கு அந்த ஆறுதலும் இல்லை. அவர் கொடுத்த கூடுதல் விலை நேரடியாக அவரது லாபத்திலிருந்து கழிகிறது. எனவே, பலர் போட்டியிடும் பொருளைவிட, ஒரு சிலரே கவனிக்கும் பொருளில்தான் மறுவிற்பனையாளருக்கு வாய்ப்பு அதிகம். விவரம் சரியாகக் குறிப்பிடப்படாத தொகுதி, பல வகைப் பொருள்கள் கலந்த தொகுதி, எடுத்துச் செல்லக் கடினமான பொருள் ஆகியவற்றுக்குப் போட்டி குறையும். ஆனால், அவற்றை மதிப்பிடும் அறிவும் கொண்டுசெல்லும் வசதியும் வாங்குபவரிடம் இருக்க வேண்டும்.

இருபது நாற்காலிகளின் கணக்கு

உச்ச விலையை எப்படிக் கணக்கிடுவது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். பின்வரும் தொகைகள் அனைத்தும் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை.

ஓர் அலுவலகம் 20 பழைய சுழல் நாற்காலிகளை ஒரே தொகுதியாக ஏலம் விடுகிறது. நேரில் பார்வையிட்டதில் 15 நாற்காலிகள் பழுது பார்த்தால் விற்கக்கூடியவை. 5 நாற்காலிகள் உதிரி பாகங்களுக்கு மட்டுமே உதவும். பழுது பார்த்தவை தலா 2,500 ரூபாய் வீதம் 37,500 ரூபாய்க்கும், மற்றவை தலா 300 ரூபாய் வீதம் 1,500 ரூபாய்க்கும் விலைபோகும் என்று கொண்டால் மொத்த வரவு 39,000 ரூபாய்.

இனி, செலவுகள். ஏற்று இறக்கும் கூலியும் வண்டி வாடகையும் 4,000. சக்கரம், கைப்பிடி மாற்றிச் சுத்தம் செய்ய நாற்காலிக்கு 300 வீதம் 4,500. ஒரு மாத இட வாடகை 2,000. வாங்குபவரிடம் கொண்டுசேர்க்க நாற்காலிக்கு 200 வீதம் 3,000. பேரத்தில் விட்டுக்கொடுக்க 2,500. ஆக மொத்தம் 16,000 ரூபாய். வரவில் இதைக் கழித்தால் எஞ்சுவது 23,000 ரூபாய்.

ஒரு மாத உழைப்புக்கு சுமார் 6,500 ரூபாயாவது லாபம் வேண்டும் என்றால், நாற்காலிகளுக்கு வரி உள்பட 16,500 ரூபாய் வரை கொடுக்கலாம். ஏலத் தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி செலுத்த வேண்டும் என்று கொண்டால், கேட்கக்கூடிய உச்ச விலை சுமார் 14,000 ரூபாய். பிறருக்கு 39,000 ரூபாய் பெறுமான பொருளாகத் தெரிவது, விற்பவரின் கணக்கில் 14,000 ரூபாய்ப் பொருள்தான்.

ஏல விறுவிறுப்பில் அவர் 18,000 ரூபாய் வரை கேட்டு வென்றுவிட்டால் என்ன ஆகும்? வரியுடன் சேர்த்து 21,240 ரூபாய் செலுத்த வேண்டும். லாபம் 1,760 ரூபாயாகச் சுருங்கும். பார்வையிட்டபோது நல்லவை என்று நினைத்த நாற்காலிகளில் இரண்டு பயனற்றவையாக அமைந்துவிட்டால், அவற்றுக்கான பழுதுச் செலவும் அனுப்பும் செலவும் மிச்சமாவதைக் கழித்துக்கொண்டாலும் 3,400 ரூபாய் குறையும். அப்போது மொத்த வணிகமும் 1,640 ரூபாய் இழப்பில் முடியும். 4,000 ரூபாய் கூடுதலாகக் கேட்ட சில நிமிடங்கள், ஒரு மாத உழைப்பை விழுங்கிவிடுகின்றன.

இந்தக் கணக்கில் எளிதில் தவறுவது விற்பனை விலையே. விளம்பரத் தளங்களில் காணப்படுவது விற்பவர் எதிர்பார்க்கும் விலை. உண்மையில் கைமாறிய விலை அன்று. ஒரே பொருள் பல வாரங்களாக அதே விலையில் விளம்பரப்படுத்தப்பட்டால், அந்த விலைக்கு வாங்க ஆள் இல்லை என்றே கொள்ள வேண்டும்.

கடைசி நிமிடப் போட்டியும் போலிக் கேள்வியும்

ஏலம் முடியும் நேரம் உறுதியாக வரையறுக்கப்பட்ட தளங்களில், கடைசி நொடிகளில் விலை கேட்பது பரவலான உத்தி. பொருளியலாளர்கள் ஆல்வின் ராத், ஆக்சல் ஓக்கன்ஃபெல்ஸ் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், முடியும் நேரம் மாறாத ஈபே ஏலங்களில் இவ்வழக்கம் அதிகம் என்பதையும், புதிய கேள்வி வந்தால் நேரம் நீளும் அமேசான் ஏலங்களில் குறைவு என்பதையும் சுட்டிக்காட்டினர். இந்தியாவில் அரசு சார்ந்த இணைய ஏலங்களில் நேரம் தானாக நீட்டிக்கப்படும் முறை வழக்கத்தில் உள்ளது. எனவே, கடைசி நொடியில் கேட்டு வெல்லும் உத்தி இங்குப் பெரிதும் உதவாது. உச்ச விலையை முன்கூட்டியே எழுதிவைத்து, அதைத் தாண்டியதும் விலகுவதே பயனுள்ள உத்தி.

விலையை ஏற்றுவதற்காக விற்பவரே ஆள் வைத்துப் போலியாக ஏலம் கேட்பதும் உண்டு. சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இன் 64-ஆவது பிரிவு இதைக் கவனத்தில் கொண்டுள்ளது. விலையை உயர்த்த விற்பவர் போலிக் கேள்வியைப் பயன்படுத்தியிருந்தால், அந்த விற்பனையை ரத்து செய்துகொள்ளும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஆனால், இணையத்தில் மறைந்திருக்கும் போலிக் கேள்வியாளரை நிரூபிப்பது எளிதல்ல. இங்கும் முன்கூட்டியே வகுத்த உச்ச விலையே பாதுகாப்பு.

பொருள் யாருடையது?

விலை சரியாக அமைந்தாலும், பொருளின் உரிமை சரியாக இல்லாவிட்டால் லாபம் நிலைக்காது. விற்பவருக்கு இல்லாத உரிமை வாங்குபவருக்குக் கிடைக்காது என்பதே சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு கூறும் பொது விதி. திருட்டுப் பொருளுக்கு முழு விலை கொடுத்திருந்தாலும், உரியவர் அதைக் கேட்டு வரலாம்.

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ நேர்மையற்ற முறையில் அதைப் பெறுவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதையே வழக்கமான தொழிலாகச் செய்பவர்களுக்குத் தண்டனை இன்னும் கடுமையானது. சந்தை விலையில் கால் பங்குக்கு, ரசீதும் பெட்டியும் இல்லாமல் ஒரு கைப்பேசி விற்கப்படுகிறது என்றால், அந்த மலிவு விலையே சந்தேகத்துக்குக் காரணமாக அமையலாம்.

கைப்பேசிகளைப் பொருத்தவரை, சரிபார்க்க வழி உண்டு. *#06# என்று அழுத்தினால் தெரியும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, 2023 மே மாதம் தொடங்கப்பட்ட மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உள்ளிட்டு, அக்கருவி முடக்கப்பட்டதா என்று அறியலாம். பழைய கைப்பேசிகளை வாங்கி விற்பவர்கள் ஐஎம்இஐ எண்ணை அரசின் தரவுத்தளத்தில் சரிபார்க்க வேண்டும் என்ற நிபந்தனையை, 2025 அக்டோபரில் திருத்தப்பட்ட தொலைத்தொடர்பு இணையப் பாதுகாப்பு விதிகள் கொண்டுவந்தன. ஐஎம்இஐ எண் மாற்றப்பட்டது என்று தெரிந்தே கருவியை வைத்திருப்பவருக்கு, தொலைத்தொடர்புச் சட்டம் 2023-இன்படி மூன்று ஆண்டுகள் வரை சிறையோ, 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

வாகனங்களில் சிக்கல் வேறு வகையானது. பதிவுச் சான்றில் கடன் குறிப்பு நீக்கப்பட்டுள்ளதா, அபராதங்கள் நிலுவையில் உள்ளனவா, வேறு மாநிலத்துக்குக் கொண்டுசெல்லத் தடையில்லாச் சான்று கிடைக்குமா, அங்கு மீண்டும் சாலை வரி எவ்வளவு என்பவற்றை ஏலத்துக்கு முன்பே அறிய வேண்டும். 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. அவை பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையங்களுக்கே செல்ல வேண்டும். பழைய அரசு ஜீப்பை ஏலத்தில் எடுத்து ஓட்டும் காலம் முடிந்துவிட்டது.

வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் மற்றோர் எச்சரிக்கை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் சென்னையில் சொகுசு கார்கள் உள்பட ஏராளமான வாகனங்கள் காப்பீட்டு நிறுவனங்களால் கைவிடப்பட்டு, இணைய ஏலத்துக்கு வந்தன. வெளித்தோற்றத்தில் பளபளக்கும் இத்தகைய கார்களில் மின்கம்பிகளும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் மாதங்கள் கழித்தே பழுதடையத் தொடங்கும். அடுத்து வாங்குபவரிடம் இதை மறைத்து விற்பது ஏமாற்று வேலையாகிவிடும்.

விற்கக் கூடாதவை

மலிவாகக் கிடைத்தாலும் எல்லோரும் விற்க முடியாத பொருள்கள் உள்ளன. தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் 1972-இன்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத சிற்பம், நாணயம், ஓவியம் போன்றவை தொல்பொருள்களாகக் கருதப்படும். கலை, வரலாறு, அறிவியல் சார்ந்த மதிப்புடைய கையெழுத்துச் சுவடிகளுக்கு இந்த வரம்பு 75 ஆண்டுகள். இவற்றை வணிகமாக வாங்கி விற்க உரிமம் தேவை. வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குத் தனிநபர்களுக்கு அனுமதி இல்லை. பழைய வீடு ஒன்றை இடிக்கும்போது கிடைத்த வெண்கலச் சிலையை வெளிநாட்டு ஏலத் தளத்தில் பட்டியலிடுபவர், அறியாமல் செய்திருந்தாலும் வழக்கைச் சந்திக்க நேரிடலாம்.

மின்னணுப் பொருள்களுக்கும் தனி விதிகள் உள்ளன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய கணினி போன்ற கருவிகளைச் சீரமைத்துச் சந்தையில் விற்போர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தளத்தில் பதிவுசெய்ய வேண்டும். மின்னணுக் கழிவாக அறிவிக்கப்பட்ட தொகுதிகள் பதிவுபெற்றோருக்கே உரியவை.

இத்தகைய விதிகள் வெறும் காகிதத் தடைகள் அல்ல என்பதை உணர்த்தியது தில்லி மாயாபுரி விபத்து. தில்லி பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985-க்குப் பின் பயன்படுத்தப்படாமல் கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று, 2010 பிப்ரவரியில் பழைய பொருளாக ஏலம் விடப்பட்டது. மாயாபுரி காயலான் கடைகளுக்குச் சென்ற அக்கருவி உடைக்கப்பட்டபோது, உள்ளே இருந்த கோபால்ட்-60 கதிரியக்கப் பொருள் வெளிப்பட்டது. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தொழிலாளி ஒருவர் 2010 ஏப்ரலில் உயிரிழந்தார். ஏலம் எடுத்தவர்களுக்கு அது உலோகமாக மட்டுமே தெரிந்தது. தவறு விற்றவர்களுடையதாக இருந்தும், விலையைக் கொடுத்தவர்கள் வாங்கியவர்களும் அவர்களிடம் வேலை பார்த்தவர்களும்தான்.

நுகர்வோர் என்ற கவசம் இல்லை

பொருள் பழுதாக இருந்தால் நுகர்வோர் நீதிமன்றத்தை நாடலாம் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. ஆனால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 2(7)-ஆவது பிரிவு, மறுவிற்பனைக்காகப் பொருள் வாங்குபவரை 'நுகர்வோர்' என்ற வரையறையிலிருந்து விலக்கியுள்ளது. விற்பதற்காக ஏலம் எடுத்தவர் உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டியிருக்கும். 'உள்ளது உள்ளபடி' நிபந்தனையை ஏற்றுக் கையொப்பமிட்ட பின் அந்த வழியும் குறுகலானதே.

மறுபுறம், அவரிடமிருந்து சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கும் குடும்பத்தினர் நுகர்வோரே. குறையை மறைத்து விற்றால் அவர்கள் புகார் அளிக்கலாம். வாங்கும்போது சட்டப் பாதுகாப்பு குறைவு, விற்கும்போது பொறுப்பு அதிகம் என்பதே மறுவிற்பனையாளரின் நிலை.

வரிக் கணக்கு

பழைய பொருள் வணிகர்களுக்கு ஜிஎஸ்டி விதிகளில் ஒரு சலுகை உண்டு. மத்திய ஜிஎஸ்டி விதிகளின் 32(5)-ஆவது விதிப்படி, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலான வேறுபாட்டுக்கு மட்டும் வரி செலுத்தலாம். பொருளின் தன்மை மாறாத வகையில் சிறு அளவில் சீரமைத்து விற்றாலும் இது பொருந்தும். வாங்கும்போது கட்டிய வரிக்கு உள்ளீட்டு வரி வரவு எடுத்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. பழைய வாகனங்களுக்கு இந்த லாப வேறுபாட்டின் மீதான வரி அனைத்து வகைகளுக்கும் 18 சதவீதமாக இருக்கும் என்று, 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் நடைபெற்ற ஜிஎஸ்டி கவுன்சிலின் 55-ஆவது கூட்டத்தில் முடிவு செய்யப்பட்டது. பதிவுபெற்ற வணிகர்களுக்கே இது பொருந்தும். சொந்தக் காரை விற்கும் தனிநபருக்கு இந்த வரி இல்லை.

மின்வணிகத் தளங்கள் வழியாகப் பொருள் விற்போர் விற்றுமுதல் எவ்வளவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குக் குறைவான விற்றுமுதலுடன் மாநிலத்துக்குள் மட்டும் விற்போருக்கு, சில நிபந்தனைகளுடன் இதில் விலக்கு அளிக்கப்பட்டது. லாபம் ஈட்டும் நோக்கில் தொடர்ந்து வாங்கி விற்பவரின் வருவாய், வருமான வரிக் கணக்கில் வணிக வருவாயாகவே கருதப்படும். ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய ரசீதும் விற்ற ரசீதும் வைத்திருப்பது வரிக்கு மட்டுமன்றி, பொருளின் உரிமையை நிரூபிக்கவும் உதவும்.

விற்கும்போது காத்திருக்கும் வலை

பொருளை விளம்பரம் செய்த உடனே, பார்க்காமலேயே கேட்ட விலைக்கு வாங்கிக்கொள்வதாகக் கூறும் அழைப்புகள் வருவதுண்டு. முன்பணம் அனுப்புவதாகக் கூறி க்யூஆர் குறியீட்டை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை உள்ளிடச் சொல்வது வழக்கமான மோசடி. யுபிஐ முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. எண்ணை உள்ளிடச் சொன்னால், பணம் வரப்போவதில்லை, போகப்போகிறது என்றே பொருள்.

பழைய ரூபாய் நோட்டு, நாணயங்களுக்கு லட்சக்கணக்கில் விலை கிடைக்கும் என்ற விளம்பரங்களும் அத்தகையவையே. ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்திக் கட்டணமும் வரியும் கேட்டு மோசடி நடப்பதாக அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. இத்தகைய பரிவர்த்தனைகளில் தாம் ஈடுபடுவதில்லை என்றும், எவருக்கும் அதற்கு அதிகாரம் அளிக்கவில்லை என்றும் தெளிவுபடுத்தியது. இணையவழி நிதி மோசடியில் பணம் இழந்தோர் தாமதமின்றி 1930 என்ற உதவி எண்ணில் புகார் அளிக்கலாம்.

தொடங்குவோர் கவனத்துக்கு

இத்தனை இடர்கள் இருந்தும் இந்த வணிகம் நிலைத்திருப்பதற்குக் காரணம், தன் பொருளை நன்கு அறிந்தவருக்கு இதில் வாய்ப்பு இருப்பதுதான். தச்சு வேலை தெரிந்தவர் உடைந்த மேசையில் காண்பதை மற்றவர் காண்பதில்லை. பழைய புத்தகங்களை அறிந்தவர், எடைக்குப் போடப்பட்ட கட்டில் முதற்பதிப்பை அடையாளம் காண்பார். ஏலத்தில் ஈட்டும் லாபம் பெரும்பாலும் இந்த அறிவுக்குக் கிடைக்கும் ஊதியமே.

எனவே, பல வகைப் பொருள்களில் கை வைப்பதைவிட ஒரே வகையில் தொடங்குவது நல்லது. முதலில் சில ஏலங்களில் பங்கேற்காமல், தொகுதிகள் என்ன விலைக்குப் போகின்றன என்பதைக் குறித்துவர வேண்டும். தொடக்கத்தில் சிறு தொகுதிகளையே எடுக்க வேண்டும். இழந்தாலும் குடும்பச் செலவைப் பாதிக்காத தொகையை மட்டுமே இதில் ஈடுபடுத்த வேண்டும். கடன் வாங்கி முன்வைப்புத் தொகை கட்டியவருக்கு, உச்ச விலையில் விலகும் துணிவு வருவது கடினம்.

எழுதிவைத்த விலையைத் தாண்டியதும் விலகியவர் அன்று எதையும் வாங்காமல் போகலாம். ஆனால், அவரது முன்வைப்புத் தொகை திரும்பக் கிடைக்கும். அடுத்த ஏலத்திலும் அவர் பங்கேற்கலாம்.